திருத்தத்துக்கான காரணம்

வலது கட்டைவிரலில் ரப்பர் உறை மாட்டியிருந்தது. நகத்தை ஒட்ட வெட்டிய விரல்கள் ஸ்டேப்ளர் பின்னை நெம்பி எடுத்துத் தகரக் கிண்ணத்தில் போட்டன. தாள்களை மேஜையில் தட்டி விளிம்பு சேர்த்தன. சம்பளச் சீட்டு மேலே, வங்கி வட்டிச் சீட்டு அதற்குக் கீழே, கல்லூரி அனுப்பிய சீட்டு எல்லாவற்றுக்கும் அடியில். பிறகு அந்த அடிச்சீட்டை மட்டும் உருவி, பென்சிலால் முதல் கட்டத்தில் ஒரு புள்ளி, ஐந்தாம் கட்டத்தில் ஒரு புள்ளி. முதல் கட்டத்தில் இருப்பது கல்லூரிக்குக் கட்டிய கட்டணம். ஐந்தாம் கட்டத்தில் இருப்பது பிள்ளைக்கு வந்த உதவித்தொகை. உதவித்தொகை பெரிது, கட்டணம் சிறிது. அப்படியானால் பெற்றோருக்குப் படிப்புச் சலுகை கிடையாது. அடுத்த தாளுக்குப் போகலாம்.

அன்று கை போகவில்லை. புள்ளிமேல் நின்றுவிட்டது.

அது ஒரு நர்ஸின் கணக்கு. டுலூத் நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர். போன வருடம் அங்கே வேறொருவர் எழுதிய கணக்கையும் கூட வைத்திருந்தார். அதிலும் ஐந்தாம் கட்டம்தான் பெரிது. ஆனால் தாய்க்கு இரண்டாயிரத்து ஐநூறு டாலர் படிப்புச் சலுகை எடுத்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

"மாட்டினான்" என்று ஆர்டிஸ் ஹௌதலா வாய்விட்டே சொன்னாள். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அதை அவள் மறைப்பதும் இல்லை.

அறுபத்து மூன்று வயது. ஊரின் இரும்புச் சுரங்கத்தின் எடைமேடை அலுவலகத்தில் பதினைந்து வருடம் லாரிகளின் எடையை எழுதியவள். அந்த அலுவலகத்தை மூடியபோது, பழைய செருப்புக்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து வரிக்கணக்கு எழுத உட்கார்ந்தாள். யாரிடமும் படிக்கவில்லை. வரித்துறை இலவசமாக அனுப்பும் கையேடுகளை நவம்பர் மாதம் முழுக்க முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலோடு படிப்பாள். இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் பாதிப் பேரின் சம்பளம் அவளுக்குத் தெரியும். ஒருவரின் சம்பளம்கூட இன்னொருவருக்கு அவள் வாயிலிருந்து போனதில்லை. வருகிறவர்கள் வாசலில் பனி பூட்ஸைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு அவள் முன்னால் உட்கார்வார்கள். கால்விரல் தெரியும் ஓட்டைக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் பொய் வராது என்பது அவள் அனுபவம்.

மேஜைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 'ஐந்து, ஒன்றைவிடப் பெரிதா? சலுகை இல்லை.' அவளே எழுதியது. ஒன்பது வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒருவன் இல்லாத சலுகைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அபராதம் கட்டி, கடையை மூடினான். அந்த வாரம் எழுதி ஒட்டினாள். டேப் மஞ்சளாகி விட்டது, எழுத்து மங்கவில்லை.

டுலூத்துக்காரனின் பிழைக்குப் பக்க எண் சொல்லிவிட வேண்டும் என்று கையேட்டை எடுத்தாள். உதவித்தொகை பற்றிய பகுதி. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை புரட்டியிருக்கிறாள். அட்டைதான் இருக்கிறதே என்று, உதாரணங்களை மட்டும் கண் தாண்டிப் போய்விடும். இந்த முறை விரலை வைத்துப் படித்தாள்.

இன்னொரு முறை படித்தாள்.

விஷயம் சிக்கலானதல்ல. உதவித்தொகையைக் கொடுத்தவர்கள், 'இதைப் படிப்புக்கும் செலவழிக்கலாம், தங்கவும் சாப்பிடவும் செலவழிக்கலாம்' என்று விட்டிருந்தால், அதில் நாலாயிரம் டாலரை ஹாஸ்டலுக்குப் போனதாக மாணவி தன் கணக்கில் வருமானமாகக் காட்டலாம். காட்டினால், கல்லூரிக் கட்டணத்தில் நாலாயிரம் வீட்டார் கட்டியதாக நிற்கும். அந்த நாலாயிரத்துக்குப் பெற்றோருக்கு இரண்டாயிரத்து ஐநூறு சலுகை. பிள்ளைக்கோ வருமானம் குறைவு. வரி விழாது, விழுந்தாலும் சில்லறை.

டுலூத்துக்காரன் செய்தது சரி. அட்டைதான் தப்பு.

கையேட்டை மூடியபோது அவள் நினைவுக்கு வந்தது ஒரே ஒரு முகம். இந்த ஊர்ப் பிள்ளைகளில் உதவித்தொகை கட்டணத்தைத் தாண்டுகிற அளவுக்கு மார்க் வாங்கியது ஒருத்திதான். லோவெல் ஸ்கூபிக்கின் மகள் டெஸா. இப்போது கடைசி வருடம். முதல் மூன்று வருடக் கணக்கையும் எழுதியது ஆர்டிஸ்தான்.

லோவெல் சுரங்கத்தில் கனரக லாரி ஓட்டுகிறவர். முதல் வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆர்டிஸ், ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் நான்தான் கட்டிட்டிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரன் பையனுக்கு ஸ்காலர்ஷிப்பே இல்ல, அவனுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு திரும்ப வந்துச்சாம். நல்லாப் படிச்சதுக்குத் தண்டனையா இது? வேற வழியே இல்லையா?"

ஆர்டிஸ் பதில்கூடச் சொல்லவில்லை. பென்சிலைத் திருப்பி அதன் ரப்பர் முனையால் அட்டையை இரண்டு தட்டு தட்டினாள்.

"சரி சரி, சுவத்துலயே எழுதி வச்சுட்டீங்க. இனி நான் பேசி என்ன" என்று சிரித்துக்கொண்டே பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் வருடம் சுரங்கம் ஏழு மாதம் மூடிக் கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் லோவெல் பனிமேல் ஸ்கூட்டர் போல ஓட்டும் தன் பனி வண்டியையும், உறைந்த ஏரிமேல் இழுத்துப்போய் வைத்து மீன் பிடிக்கும் மரக்குடிலையும் விற்றார். இரண்டும் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு. டெஸாவின் ஹாஸ்டல் பாக்கி அவ்வளவுதான்.

வாங்கியது ஆர்டிஸின் கணவன் ரூடி.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள் கராஜ் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. பனி வண்டி ஓரமாக நின்றது. முன்கண்ணாடியில் லோவெல் ஒட்டிய மீன் படம் இன்னும் உரியவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் இதைத் தாண்டித்தான் போகிறாள். அன்று ஒருக்களித்துப் போனாள், ஏதோ இடித்துவிடும் என்பது போல.

ரூடி அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"சட்டம் எழுதினவனே குழம்பிப்போய் எழுதியிருக்கான். நீ என்ன பண்ணுவ?"

"உதாரணத்தோட எழுதியிருக்கான் ரூடி. நான் படிக்கல."

"நீ படிக்காத பக்கம்னு ஒண்ணு இருக்கா! இந்த ஊர்ல சொல்லிப் பாரு, ஒருத்தன் நம்பமாட்டான்."

"நீ அந்த வண்டிக்கு முதல்ல என்ன விலை சொன்ன?"

ரூடி திரும்பினார். "அது எதுக்கு இப்ப?"

"வண்டிக்கும் குடிலுக்கும் சேர்த்து அவர் மூவாயிரத்து நூறு கேட்டாரு. நீ ஐநூறு குறைச்ச."

"குறைக்காம வாங்கினா அவனே என்னைக் கேவலமா நினைச்சிருப்பான். நீதான கூட நின்ன, ஒரு வார்த்தை சொன்னியா? அவன் விக்கிறான், நான் வாங்குறேன். உன் பேப்பரக் கொண்டுவந்து என் வண்டிமேல வைக்காத."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை இன்னும் குத்தியது. கூட நின்றாள். லோவெல் சாவியைக் கொடுக்கும்போது அதைக் கை நீட்டி வாங்கியதே அவள்தான்.

அன்று தேதி ஏப்ரல் இரண்டு. செலுத்திய வரியைத் திரும்பக் கேட்க மூன்று வருடம்தான் அவகாசம். டெஸாவின் முதல் வருடக் கணக்குக்கு அது ஏப்ரல் பதினைந்தோடு முடிகிறது. பதினாறாம் தேதி போனால் இரண்டாயிரத்து ஐநூறு போனது போனதுதான், அரசாங்கம் தராது. அவ்வளவு பழைய திருத்தக் கணக்கைக் கணினியும் எடுத்துக்கொள்ளாது. தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, தபாலில் போட வேண்டும்.

உதவித்தொகை கொடுத்தவர்களின் கடிதம் வேண்டும். லோவெலுக்குப் போன் செய்தாள். அவர் ஷிஃப்ட் முடிந்து சிவப்புத் தூசியோடு நேராக வந்தார். ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பொத்தீட்சா. அவர் மனைவி ஜெனெல் ஒவ்வொரு வருடமும் கணக்கெழுதும் கூலியோடு அனுப்பும் அக்ரூட் ரொட்டி. மாவை மேஜை முழுக்க மெலிதாக இழுத்துச் சுருட்ட அரைநாள் ஆகும்.

ஆர்டிஸ் கடிதத்தைப் படித்தாள். மூன்றாவது பத்தியில் இருந்தது: 'கட்டணம், புத்தகம், தங்குமிடம், உணவு ஆகிய எதற்கும் பயன்படுத்தலாம்.' மூன்று வருடமாக ஸ்கூபிக் வீட்டு இழுப்பறையில் இருந்த வாசகம். அவள் ஒருமுறைகூட அந்தக் கடிதத்தைக் கேட்டதில்லை.

"என்ன, நல்ல சேதியா கெட்ட சேதியா?" என்றார் லோவெல். "முகத்தப் பார்த்தா ஒண்ணும் தெரியல. நீங்க சீட்டாட்டத்துக்குப் போயிருக்கணும்."

"நல்ல சேதிதான். மூணு வருஷத்துக்கும் திருத்தம் அனுப்பலாம். ஏழாயிரத்து முன்னூறு வரைக்கும் உங்களுக்கு வரணும்."

அவர் அப்படியே உட்கார்ந்தார். "ஏழாயிரமா?"

"ஒரு வழி தெரிய வந்துச்சு."

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே அதன் வளைவு அவளுக்குத் தெரிந்தது. வழி தானாக எங்கிருந்தோ வந்தது போல. புதிதாகப் பிறந்தது போல.

லோவெல் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, தூசியோடு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாருங்க, வேற யாராயிருந்தாலும் பழசத் தோண்டிப் பார்ப்பானா? ஜெனெல் எப்பவும் சொல்லுவா, ஆர்டிஸ் இருக்குற வரைக்கும் நமக்குக் கவலையில்லன்னு. அந்த ரொட்டிய ரூடிக்கு ரொம்பக் குடுக்காதீங்க, நீங்க சாப்பிடுங்க."

அவர் போன பிறகு ஜன்னலோரம் வைத்த பொத்தீட்சாவை அவள் தொடவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது நாள் ஆறு திருத்தக் கணக்குகள் எழுதினாள். பெற்றோருக்கு மூன்று, மகளுக்கு மூன்று. பழைய கணக்கில் இருந்தது ஒரு பத்தி, மாறுவது ஒரு பத்தி, சரியானது ஒரு பத்தி. டெஸாவின் முதல் இரண்டு வருடத்தில் வரி விழவில்லை. மூன்றாம் வருடம் அந்தப் பெண் சனி, ஞாயிறுகளில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்திருந்ததால் வருமானம் வரி விழும் வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. தொண்ணூறு டாலர் கட்ட வேண்டும். உதவித்தொகை உழைத்து வந்த பணமல்ல என்பதால், தகப்பனின் வரி விகிதத்தில் போட வேண்டிய தொண்ணூறு அது. மகள் விகிதத்தில் போட்டால் எழுபத்தைந்துதான் வரும். மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். சுரங்கம் மூடிய வருடத்தில் லோவெலின் வரியே குறைவு என்பதால் சலுகை இருநூறு குறைந்தது. அதையும் தனித்தாளில் எழுதி இணைத்தாள்.

எண்களெல்லாம் முடிந்த பிறகு ஒரு இடம் வெற்றாக நின்றது. 'திருத்தத்துக்கான காரணம்.' நாலு வரிக்கான கோடு. அதில் எழுத இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் உண்டு: 'வரி செலுத்துபவர் கவனக்குறைவாகச் சலுகையைக் கோரத் தவறிவிட்டார்.' அவளே பல நூறு தடவை எழுதியிருக்கிறாள். யாரும் படிப்பதில்லை. எழுதினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கை அதைத் தானாக எழுதியும் விட்டது. 'வரி செலுத்துபவர் கவனக்குறைவாக' வரை.

லோவெல் முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. வேற வழியே இல்லையா என்று கேட்ட மனிதர். அவர் கவனக்குறைவா? அவர் கையெழுத்துப் போட்டு, அவர் கையாலேயே தபாலில் போடப்போகும் தாளில், குற்றத்தை அவர்மேல் எழுதிவைத்து நீட்டுவதா? அந்தத் தாளைக் கிழித்தாள். புதிய தாளில் எண்களை மறுபடி எழுத ஒரு காலைப்பொழுது போனது. காரணத்தின் இடத்தை மட்டும் வெற்றாக விட்டு வைத்தாள்.

டெஸாவின் பங்குக்கு அவளுடைய கையெழுத்துதான் செல்லும். போனில் கூப்பிட்டு விளக்கினாள்.

"அப்ப என் கணக்குல வருமானம் ஏறுது, அப்பாவுக்குப் பணம் வருது" என்றாள் டெஸா. "தொண்ணூற நான் கட்டிடறேன். பிரச்சினை இல்ல. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இத முதல் வருஷமே பண்ணியிருக்கலாம்ல?"

ஆர்டிஸ் ரப்பர் உறையைக் கட்டைவிரலிலிருந்து உருவினாள். மறுபடி மாட்டினாள்.

"பண்ணியிருக்கலாம்மா. நான் தப்பாப் புரிஞ்சு வச்சிருந்தேன். சட்டம் மாறல, ஒண்ணும் மாறல. நான்தான்."

மறுமுனையில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது.

"அந்தக் குளிர்காலம் அப்பா ஏரிக்கே போகல, தெரியுமா" என்றாள் டெஸா. "முதுகு வலின்னு சொன்னாரு. முதுகு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பாகிட்ட இதச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க. பேப்பர அனுப்புங்க, அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

சொன்னபடியே அனுப்பினாள். ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலையில் டெஸாவின் உறை வந்தது. அதைப் பிரித்து அடுக்கிய கையோடு ஆர்டிஸ் பேனாவை எடுத்து, வெற்றாக இருந்த இடத்தில், பெற்றோரின் மூன்று தாளிலும் ஒரே மாதிரி எழுதினாள். மை காயும்வரை ஊதினாள். பிறகு லோவெலைக் கூப்பிட்டாள்.

அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜெனெலும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் வீட்டுக்கு எடுத்துப்போய், அங்கிருந்து தானே தபாலில் போடுவதாகப் பேச்சு.

"முதல்ல இதப் படிங்க" என்று முதல் வருடத் தாளைத் திருப்பி வைத்தாள். விரல் காரணத்தின் மேல் இருந்தது.

லோவெல் கண்ணாடியைத் தேடி மாட்டினார். உதடு அசையப் படித்தார். 'கணக்கு எழுதியவரின் தவறு. வரி செலுத்துபவர் தேவையான தாள்கள் எல்லாவற்றையும் உரிய நேரத்தில் கொடுத்தார். வேறு வழி உண்டா என்று கேட்கவும் செய்தார். கணக்கு எழுதியவர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு இல்லை என்றார்.'

"அன்னைக்கு வழி தெரிய வந்துச்சுன்னு சொன்னேன்" என்றாள் ஆர்டிஸ். "அது எப்பவும் இருந்த வழி. நான் படிக்காம விட்ட பக்கம்."

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அட்டை இருந்த இடத்தில் வெளிறிய நாலு மூலை மட்டும் இருந்தது.

"கேட்டேன்ல" என்றார். குரல் உயரவில்லை. "நீங்க பென்சிலால தட்டினீங்க. வாயத் தொறந்துகூடச் சொல்லல."

"ஆமா."

"நான் சிரிச்சுட்டுப் போனேன்."

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இல்லை. ஆர்டிஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிக்கச் சொன்னால், சரி பரவாயில்லை என்று சொல்லிவிடுவார். இந்த ஊரில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதை அவர் வாயிலிருந்து பிடுங்க அவளுக்கு மனமில்லை.

"கூலி எவ்வளவு?" என்றார்.

"இதுக்குக் கூலி இல்ல. அந்த மூணு வருஷக் கூலியும் இந்த உறையில இருக்கு. எண்ணிக்கோங்க."

"வேலைக்குக் குடுத்த காசு அது."

"வேலைய நான் செய்யலயே."

அவர் அந்தச் சின்ன உறையைப் பார்த்தார். எண்ணவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எடுத்து உள்பையில் வைத்துக்கொண்டார். அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டாம் என்று தள்ளியிருந்தால் தாங்கியிருக்க மாட்டாள்.

"ரூடி அந்த வண்டிய ஓட்டுறாரா?" என்றார் திடீரென்று.

"ஓட்டுறாரு. இந்த வருஷம் நாலஞ்சு தடவதான்."

"கிளட்ச் கொஞ்சம் இழுக்கும். கோடையிலயே கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. நான் விக்கும்போது சொல்லல."

ஆர்டிஸ் தலையை அசைத்தாள்.

ஆறு உறைகளையும் தட்டிச் சமப்படுத்தினாள். முதல் வருடத்தது மேலே; அதன் மூலையில் சிவப்புப் பென்சிலால் 'பதினைந்துக்குள்' என்று எழுதியிருந்தாள். ஜெனெல் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ரப்பர் உறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து, மேஜையைச் சுற்றி அவர் பக்கமாக வந்து, இரண்டு கையாலும் உறைகளை நீட்டினாள்.

லோவெல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.